முடக்குவாதம் இருக்கவங்க நுரையீரல் விஷயத்துல செய்யக்கூடாத தப்புங்க

முடக்குவாதம்னா (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமா ஆர்ஏ) மூட்டு வலின்னு மட்டும் நினைச்சு, அழற்சிய காட்டுற ரத்த டெஸ்டுல ஈஎஸ்ஆர் எவ்ளோ, சிஆர்பி எவ்ளோ, காலையில விரல் மடக்க வருதான்னு பாத்துட்டு செக்கப்ப முடிச்சிடுறோம். ஆனா இந்த நோய் நுரையீரலையும் பிடிக்கும். 100 பேர்ல கிட்டத்தட்ட 10 பேருக்கு நுரையீரல் திசு தடிச்சு தழும்பாகுற ஐஎல்டி வருது, சிகரெட் பிடிக்கிறவங்க, வயசானவங்க, ஆம்பளைங்க, ரத்த டெஸ்டுல ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபிங்கற ஆன்டிபாடிங்க ரொம்ப அதிகமா இருக்கவங்க இன்னும் கவனமா இருக்கணும்.

எல்லாத்தவிட பெரிய தப்பு, "எனக்கு மூச்சே வாங்கலையே"ன்னு நம்புறது. முட்டி வலின்னு மாடி ஏறுறத விட்டாச்சு, கடைக்கு பையன் போறான், தண்ணி குடத்த வேற யாரோ தூக்குறாங்க, அப்புறம் மூச்சு எப்படி வாங்கும்? அதனால கேள்விய மாத்தி கேளுங்க: போன வருஷம் செஞ்சிட்டு இருந்த எந்த வேலைய இப்போ செய்யல? துணி அலசும்போது, தலைக்கு குளிக்கும்போது நடுவுல நின்னு மூச்சு விட்டுட்டு தொடருறாங்களா? வீட்ல இருக்கவங்க கவனிச்சு சொன்னாதான் டாக்டருக்கே தெரியும். உடம்பு வெயிட்டு, வயசு, ரத்த சோகைன்னு நாமளே காரணம் கண்டுபிடிச்சிடக்கூடாது.

வறட்டு இருமலுக்கு டானிக் மாத்தி மாத்தி குடிக்கிறது அடுத்தது. வாரக்கணக்குல இருமல்னா நம்ம ஊர்ல டிபி டெஸ்ட் கண்டிப்பா எடுக்கணும், அதுல டிபி இல்லன்னு வந்துட்டா கதை முடிஞ்சதுன்னு விட்றாதீங்க, அப்பதான் ஐஎல்டி இருக்கா, மூச்சுக்குழாய் விரிஞ்சு சளி தேங்குதான்னு பாக்கணும்.

"எக்ஸ்ரே நார்மல், பயமில்ல"ன்னு வீட்டுக்கு வந்துடுறது எனக்கு ரொம்ப கவலையான விஷயம், ஏன்னா ஆரம்ப கட்ட ஐஎல்டி எக்ஸ்ரேல தெரியாமலே போகலாம். நுரையீரல நுணுக்கமா படம் எடுக்குற ஹெச்ஆர்சிடி ஸ்கேன்தான் காட்டும். ஊதிப் பாக்குற டெஸ்ட் மட்டும் எடுத்தாலும் பத்தாது, டிஎல்சிஓவும் சேத்து எடுக்க சொல்லிக் கேளுங்க, காத்து ரத்தத்துல எவ்ளோ நல்லா கலக்குதுன்னு அதுதான் சொல்லும், பல பேருக்கு முதல்ல குறையுறதும் அதுதான். சின்ன மூச்சுக்குழாய்ல பிரச்சனைன்னு சந்தேகம் இருந்தா மூச்ச வெளிய விட்ட நிலையிலயும் ஸ்கேன் படம் எடுப்பாங்க. ஐஎல்டி இருந்தா, முதுகுல கீழ்ப்பக்கம் ஸ்டெத்தஸ்கோப் வெச்சா வெல்க்ரோ பிரிக்கிற மாதிரி சத்தம் கேக்கலாம், சட்டைக்கு மேல அவசரமா வெச்சா அது தப்பிடும்.

உக்காந்தபடி ஆக்ஸிமீட்டர் மாட்டி 97 வந்துச்சுன்னு திருப்திப்படாதீங்க, நடந்துட்டு பாருங்க, விரல் சில்லுன்னு இருந்தாலோ நெயில் பாலிஷ் இருந்தாலோ ரீடிங் தப்பா வரலாம்.

குரல் கரகரப்பையும் லேசா எடுக்காதீங்க. குரல்வளைக்குள்ளயும் குட்டி மூட்டு இருக்கு, அதுவும் வீங்கும். இழுக்குறப்ப சத்தத்தோட மூச்சுத் திணறினா அது எமர்ஜென்சி. எந்த ஆபரேஷனுக்கு போனாலும் மயக்க மருந்து டாக்டர்கிட்ட ஆர்ஏ இருக்கு, குரல் மாறியிருக்கு, கழுத்து வலிக்குதுன்னு மறக்காம சொல்லிடுங்க.

கடைசியா மெத்தோட்ரெக்ஸேட், முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு தடவை எடுக்குற மருந்து. நுரையீரல கெடுத்துடும்னு பயந்து தானா நிறுத்துறவங்க நிறைய, அப்படி நிறுத்துனா மூட்டு மறுபடி கொந்தளிக்கும், அந்த மருந்தால திடீர்னு வர்ற நுரையீரல் அழற்சி அபூர்வம்தான். ஆனா ஆரம்பிச்ச முதல் வருஷத்துல காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்குறது மூணும் சேந்து சில நாள்ல கூடிட்டே போனா, அடுத்த வார டோஸ போடாம அன்னைக்கே டாக்டர பாருங்க.