விண்டேஜ் ஸ்டோரியில் குளிர்காலமே இல்லாத இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

விண்டேஜ் ஸ்டோரி விளையாட ஆரம்பித்த எல்லோருக்கும் முதல் குளிர்காலம் நினைவில் இருக்கும். நான் மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், திரையில் என் ஆள் விறைத்துச் சாகிறான். ஏரி உறைந்துவிட்டது, வயலில் இருந்த ஆளி எல்லாம் போய்விட்டது, வீட்டில் மிச்சம் இரண்டு டர்னிப். அன்றைக்கே இனி இந்த ஊரில் இருக்கப்போவதில்லை என்று முடிவு செய்தேன். இரண்டு முறை குடிபெயர்ந்தேன், ஒரு முறை தப்பான இடத்துக்கு. அந்தத் தப்பு உங்களுக்கும் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இது.

விளையாட்டை நிறுவுவது, கல்லைத் தட்டிக் கத்தி செய்வது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. உங்கள் உலகம் எந்த வகை என்று பாருங்கள்

உலகத்தை உருவாக்கும்போது வரும் கஸ்டமைஸ் பக்கத்தில் தட்பவெப்பத்துக்கு இரண்டு தேர்வு உண்டு: ரியலிஸ்டிக், பேட்சி. பேட்சி என்றால் சூடும் குளிரும் அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கும், எந்தத் திசைக்கும் உத்தரவாதம் கிடையாது, இந்தப் பதிவும் உங்களுக்கு உதவாது. நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால் ரியலிஸ்டிக்தான் இருக்கும். அதில் பூமியைப் போலவே துருவம், நிலநடுக்கோடு எல்லாம் உண்டு. தொடங்குகிற இடம் வடக்கு அரைக்கோளத்தில், மிதமான பகுதியில். ஆகவே தெற்கே போகப் போகச் சூடு ஏறும்.

அதே பக்கத்தில் துருவத்துக்கும் நிலநடுக்கோட்டுக்கும் இடையே எத்தனை பிளாக் (இந்த உலகம் கட்டப்பட்டிருக்கும் கனசதுரக் கட்டி, தூரத்தை அளப்பதும் அதை வைத்துத்தான்) என்று ஒரு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான். என்னுடையதில் 50,000. பெரிய எண் வைத்திருந்தால் நடை அதற்கேற்ப நீளும்.

2. எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுங்கள்

கண்ட்ரோல், வி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஆயத்தொலைவு திரையில் வரும். மூன்று எண்களில் நடுவில் இருப்பது உயரம், மூன்றாவது இசட். இசட் கூடினால் தெற்கு. முதல் எண்ணைப் பார்த்துக்கொண்டு நடந்தால் கிழக்கே போய்ச் சேருவீர்கள், குளிர் அப்படியே இருக்கும்.

இந்த உலகத்தில் ஆண்டுச் சராசரி வெப்பம் துருவத்தில் தோராயமாக மைனஸ் 20, நிலநடுக்கோட்டில் 40. அறுபது டிகிரியை 50,000 பிளாக்கில் பரப்பினால் ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய 830 பிளாக் தெற்கே போக வேண்டும். மிதமான தொடக்கம் என்பது 6 முதல் 14 டிகிரி வரை. நடுவில் 10 என்று வைத்துக்கொண்டால், குளிர்காலம் தொடாத 20க்கு மேல் போக எட்டாயிரத்துச் சொச்சம் பிளாக். நான் இப்போது இருப்பது இசட் 11,000ல். உங்கள் எண் 1,00,000 என்றால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

3. வெப்பத்தை அளப்பது, அதாவது நான் ஏமாந்த இடம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சி விசையை அழுத்தினால் உங்கள் ஆளின் பக்கம் வரும், பக்கத்திலேயே சுற்றுச்சூழல் என்று ஒரு சின்னப் பெட்டி. அதில் வெப்பமும் மழை எவ்வளவு அடிக்கடி என்பதும் இருக்கும். முதல் முறை போனபோது ஜூன் மாதம், 2,500 பிளாக் நடந்திருப்பேன், மத்தியானத்தில் பெட்டியைத் திறந்தால் 24 டிகிரி. ஆகா, வந்துவிட்டோம் என்று அங்கேயே மூட்டையை இறக்கினேன். நல்ல களிமண், பக்கத்திலேயே நாணல், கூப்பிடு தூரத்தில் ஒரு வியாபாரி. செங்கல் வீடு கட்டினேன், நிலவறை தோண்டினேன், வேலி போட்டு ஆடு அடைத்தேன். நவம்பரில் ஒரு காலை எழுந்து பார்த்தால் வயல் முழுக்க வெள்ளை.

விஷயம் என்னவென்றால், அந்தப் பெட்டி காட்டுவது அந்த நிமிஷத்து வெப்பத்தை. ஆண்டுச் சராசரியை அல்ல. கோடைக்கால மத்தியானத்தில் எந்த ஊரும் சூடாகத்தான் இருக்கும். மேலே சொன்ன கணக்குப்படி 2,500 பிளாக்குக்கு ஏறியது வெறும் மூன்று டிகிரி! அதை நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

அதனால் இப்போது அளப்பது விடியற்காலையில் மட்டும்தான், சூரியன் வருவதற்கு முன். அதுவும் பள்ளத்தில் நின்று. உயரம் ஏற ஏறக் குளிரும் என்பதால் மலைமேல் நின்று பார்த்தால் நல்ல இடத்தைக்கூட வேண்டாம் என்று விட்டுவிடுவீர்கள். வழக்கமான 256 உயர உலகத்தில் கடல்மட்டம் 110, நடு எண் அதற்கு அருகில் இருக்கும்போது பாருங்கள். அப்படி அளந்தாலும் அது சும்மா ஒரு சரிபார்ப்புதான். முடிவு செய்ய இசட் எண்ணை நம்புங்கள்.

அதைவிட நான் நம்புவது மரங்களை. லார்ச், பைன், பிர்ச் நிறைய இருந்தால் இன்னும் குளிர்ப் பகுதிதான். ஓக், மேப்பிள் என்றால் நடுத்தரம். வேல மரமும் மூங்கிலும் தென்பட ஆரம்பித்தால் முகம் மலரலாம். கபோக் வந்துவிட்டால் வெப்பமண்டலம். காட்டுப் பயிராக மரவள்ளி கிடைத்தாலும் அதே அர்த்தம்தான். மரத்துக்குக் கோடைக்கால மத்தியானம் எல்லாம் தெரியாது, அது ஏமாற்றாது.

4. எப்போது கிளம்புவது, எதை எடுத்துப்போவது

ஆட்டம் மே மாதம் தொடங்குகிறது, மாதத்துக்கு 9 நாள். டிசம்பர் வர 63 நாள்தான். ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் 48 நிமிடம். செம்புக் கருவிகள் கைக்கு வந்த கையோடு கிளம்பிவிடுங்கள் என்பேன். அதற்கு முன்னால் போனால் வழியில் ஓநாயிடம் அடி வாங்குவீர்கள், அதற்குப் பிறகு என்றால் வீடு, சூளை, பெட்டி பெட்டியாகச் சாமான் என்று மனசு வராது.

சாப்பாட்டுக்குச் சுட்ட இறைச்சியைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், சில நாளில் கெட்டுவிடும். மண்ஜாடியில் கூழோ குழம்போ ஊற்றிக் கொழுப்பாலோ தேன்மெழுகாலோ மூடி முத்திரை வைத்தால் வெகு நாள் தாங்கும். இரண்டு ஜாடி, ஒரு கிண்ணம், பந்தங்கள், ஒரு மண்வெட்டி, எல்லா விதையிலும் கொஞ்சம். மற்றதெல்லாம் வழியில் கிடைக்கும்.

இராத்திரியில் நடக்க வேண்டாம், நாலு பக்கமும் மண் எழுப்பி உள்ளே இருந்துவிடுங்கள்.

வழியில் கடல் மாதிரி தண்ணீர் குறுக்கிட்டால் தெப்பம் போதும், மெதுவாகத்தான் போகும் ஆனால் போய்விடும். 1.20 பதிப்பில் பாய்மரப் படகும் வந்துவிட்டது. அழகாக இருக்கிறது, ஆனால் அதற்குத் துணியும் பலகையும் சேர்ப்பதற்குள் குளிர்காலமே வந்துவிடும். பூமிக்கடியில் இருக்கும் டிரான்ஸ்லொகேட்டரை, அதாவது நம்மை வேறிடத்துக்குத் தூக்கிப் போடும் பழைய இயந்திரத்தை, பழுது பார்த்துப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். அது எந்தத் திசையில் தூக்கிப் போடும் என்று நம் கையில் இல்லை. கண்ணில் பட்டால் பயன்படுத்துங்கள், தேடிக்கொண்டு அலையாதீர்கள்.

5. வெப்பம் சரி, மழை?

தெற்கே போய்ச் சேர்ந்தபின் வறண்ட மணல்தான் இருக்கிறது என்று சோர்ந்து போகிறவர்கள் உண்டு. வெப்பம் இசட் எண்ணைப் பொறுத்தது, மழை அப்படியல்ல. ஆகவே இசட்டை அப்படியே வைத்துக்கொண்டு கிழக்கிலோ மேற்கிலோ நடங்கள். சூடு மாறாது, மழை மாறும். சுற்றுச்சூழல் பெட்டியில் மழை அடிக்கடி என்று காட்டும் இடத்தில் நில்லுங்கள்.

அதற்காக நிலநடுக்கோடு வரை ஓட வேண்டாம். குளிர் தாங்கும் பயிர்களான டர்னிப் போன்றவை அதிக வெயிலில் வாடும், சமைத்தது சீக்கிரம் கெடும், ஆப்பிள், செர்ரி மாதிரி குளிர் கேட்கும் பழமரங்கள் காய்க்காது. ஆண்டுச் சராசரி 20, 23 என்ற அளவு எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டாவது ஆண்டு ஜனவரியிலும் அறுவடை செய்தேன்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்துவிட்டுக் கிளம்பிய ஒருவர் 10,000 பிளாக் தாண்டி வீடெல்லாம் கட்டியபின் கரடியிடம் செத்து, பழைய தொடக்க இடத்திலேயே, பனியில், வெறுங்கையோடு எழுந்திருக்கிறார். இதை நான் எழுதாமல் விட்டது தப்புதான். டெம்பொரல் கியர் என்ற பல்சக்கரம் ஒன்று வைத்திருந்தால் புது இடத்தில் அதைப் பயன்படுத்தி உயிர்த்தெழும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். வீடு கட்டுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். கியர் இன்னும் கிடைக்கவில்லை என்றால் பழைய வீட்டில் ஒரு பெட்டியில் துணிமணி, ஈட்டி, ஒரு ஜாடி சாப்பாடு வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று: தெற்கே போனபின் பருவமே தலைகீழாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய உலகத்தில் துருவத்துக்கும் நிலநடுக்கோட்டுக்கும் இடையே தூரம் 10,000தான். நடந்த வேகத்தில் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கு அரைக்கோளத்துக்கே போய்விட்டார். அங்கே ஜூலைதான் குளிர்காலம். திரும்பி வடக்கே கொஞ்சம் நடந்தால் போதும்.