உளவுக் கதை வாங்குமுன் மூன்று நட்சத்திரக் கருத்துகளைப் படியுங்கள்

உளவு நாவலையோ உளவு வீடியோ கேமையோ இணையத்தில் வாங்குமுன், வாடிக்கையாளர் கருத்துகளில் மூன்று நட்சத்திரம் தரப்பட்டவற்றை மட்டும் வடிகட்டி முதலில் படியுங்கள். ஐந்து நட்சத்திரம் பெரும்பாலும் எழுத்தாளரின் தீவிர வாசகர்கள் தருவது. ஒற்றை நட்சத்திரமோ பல வேளைகளில் கதையைப் பற்றியதாகவே இருப்பதில்லை, இரு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில் பார்சல் நனைந்து வந்ததற்கும் அட்டை மடங்கியதற்கும் அதுதான் தண்டனை. நடுவில் நிற்பவரே, முதல் நூறு பக்கம் இழுக்கிறது, இரட்டை உளவாளி யாரென்று பாதியிலேயே தெரிந்துவிடுகிறது என்று குறை நிறை இரண்டையும் எழுதுகிறார்.

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் நட்சத்திரம் கிடையாது. அங்கே கருத்தின் மேலே காட்டப்படும் விளையாடிய நேரத்தைப் பாருங்கள். மறைந்து நகரும் உளவு கேம்களில் தொடக்கம் வெறும் பயிற்சியாகவே கழிவதால், அரை மணி நேரம் மட்டும் ஆடிவிட்டு எழுதப்பட்ட பாராட்டுக்கோ வசைக்கோ மதிப்புக் குறைவு. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் அத்தளத்தில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கருத்துகள் ஐந்தாறே இருக்கும் புதிய நூலுக்கு இவ்வழி உதவாது. நாகர்கோவில் பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் தமிழ் மாத நாவல்களுக்கு இணையத்தில் கருத்துத் தேடுவதே வீண். அங்கே நின்றபடி முதல் அத்தியாயத்தைப் புரட்டுவதே நல்லது. முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்பவர்கள், நீளமான கருத்துகளின் பின்பாதியைத் தவிர்த்துவிடலாம்.