மாற்றுத்திறனாளி உதவித்தொகை: விண்ணப்பத்திலும் அதற்கு அப்புறமும் சறுக்கும் இடங்கள்

"நீங்களே சமைத்துக்கொள்வீர்களா?" விண்ணப்பப் படிவங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. பலர் யோசிக்காமல் "ஆமாம்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அது பொய்யில்லைதான். ஆனால் அடுப்பு முன்னால் பத்து நிமிடம் நின்றாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறது, நடுவில் இரண்டு முறை உட்கார வேண்டியிருக்கிறது, காய் நறுக்கிக் கொடுக்க ஒருவர் வேண்டும், சமைத்து முடித்தால் மதியம் முழுக்கப் படுக்கைதான். படிவத்தைப் படிக்கும் அதிகாரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவருக்குக் கிடைத்தது ஒரு "ஆமாம்" மட்டும்தான்.

அதே இடத்தில் இப்படி எழுதலாம்: "வாரத்தில் இரண்டு நாள் சமைக்க முயல்கிறேன். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. கத்தி பிடித்தால் விரல் மரத்துப்போகிறது, அதனால் நறுக்குவது இன்னொருவர். மற்ற நாட்களில் சமைப்பதில்லை." மிகையாக ஒரு வார்த்தை இல்லை, ஆனால் நிலைமை அப்படியே தெரிகிறது.

யாராவது விசாரித்தால் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். டாக்டரிடமும் அதையே சொல்கிறோம், அவரும் அதையே கோப்பில் குறித்துவைக்கிறார். பிறகு அந்தக் கோப்பையே சான்றாக அனுப்பிவிட்டு, ஏன் நிராகரித்தார்கள் என்று குழம்புகிறோம்.

அடுத்த தவறு, நோயின் பெயரை நம்பி உட்கார்ந்திருப்பது. "எனக்கு இன்ன நோய், ரிப்போர்ட் இருக்கிறது, அது போதாதா?" என்று கேட்பவர்கள் ஏராளம். பெரும்பாலும் போதாது. எந்த அளவுகோலால் அளக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதன் கீழ் வரும் முக்கியமான சலுகைகள் பலவற்றுக்குச் சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். இரண்டு குறைபாடு இருந்தால் சதவீதங்களை அப்படியே கூட்டிக்கொள்ளவும் முடியாது. அதற்குத் தனிக் கணக்கு உண்டு, 30-ம் 20-ம் சேர்ந்து 50 ஆகிவிடாது. அமெரிக்காவின் எஸ்.எஸ்.டி.ஐ. திட்டம் (வேலை செய்த காலத்தில் வரி கட்டியவர்களுக்கான மாற்றுத்திறனாளி காப்பீடு) பார்ப்பது வேலை செய்யும் திறனை. உடல்நிலை குறைந்தது 12 மாதம் நீடிக்கும் என்றோ, மரணத்தில் முடியும் என்றோ இருக்க வேண்டும். பிரிட்டனின் பி.ஐ.பி. என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகை அன்றாடச் செயல்களைப் பார்க்கிறது: ஒரு வேலையைப் பாதுகாப்பாக, ஒழுங்காக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்று. மோசமான நாளும் நல்ல நாளும் மாறி மாறி வந்தால், பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு.

டாக்டர் கடிதத்திலும் இதே கதைதான். "இவரால் வேலை செய்ய இயலாது" என்ற ஒற்றை வரிக்கு அமெரிக்காவில் எடை கிடையாது. அதை முடிவு செய்வது அரசின் வேலை. எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார முடியும், எத்தனை கிலோ தூக்க முடியும், மாதத்தில் எத்தனை நாள் முடங்கிப்போகிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சிகிச்சை நடுவில் நின்றிருந்தால் காரணத்தையும் எழுத வேண்டும். காரணம் சொல்லாத இடைவெளியை "உடம்பு தேறிவிட்டது போல" என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

கூட்டிச் சொல்வதும் ஆபத்து. "நடக்கவே முடியாது" என்று எழுதிவிட்டு, பிசியோதெரபி குறிப்பில் தினமும் நடைப்பயிற்சி என்று இருந்தால், மற்ற உண்மைகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள். தகுதியில்லாமல் மோசடியாகச் சலுகை பெற்றால் இந்தியச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

நிராகரிப்புக் கடிதம் வந்ததும் மனம் உடைந்து, சில மாதம் கழித்துப் புதிதாக விண்ணப்பிக்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான். பல திட்டங்களில் மேல்முறையீடு செய்தால் பழைய விண்ணப்பத் தேதி உயிரோடு இருக்கும். புதிதாகப் போட்டால் அந்த மாதங்களின் நிலுவைத் தொகை கைநழுவிப்போகலாம். கெடு கறாரானது: அமெரிக்காவில் 60 நாள், பிரிட்டனில் பி.ஐ.பி.க்கு ஒரு மாதம், கனடாவின் சி.பி.பி. என்ற ஓய்வூதியத் திட்டம் தரும் மாற்றுத்திறனாளி தொகைக்கு 90 நாள். கடிதம் வந்த கவரையும் தூக்கிப்போடாதீர்கள், தேதி அதில் இருக்கும்.

சரி, பணம் வரத் தொடங்கிவிட்டது. அதோடு முடிந்தது என்று நினைத்தால் அங்கே இன்னொரு பள்ளம். வருமானம் பார்த்துக் கொடுக்கும் திட்டங்கள் சிலவற்றில் சேமிப்புக்கும் உச்சவரம்பு இருக்கும். அமெரிக்காவில் வருமானம் குறைந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரும் எஸ்.எஸ்.ஐ. திட்டத்தில் தனிநபருக்கு அது 2,000 டாலர்தான். நிலுவைத் தொகை மொத்தமாக வந்தால் அதை ஒன்பது மாதம் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், அப்புறம் மிச்சமிருப்பது சேமிப்பாகிவிடும். சம்பளம் வந்தால் அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும். சொல்ல மறந்தால், கூடுதலாக வாங்கிய தொகையைப் பின்னால் திருப்பிக் கேட்பார்கள். போனில் சொன்னால் தேதி, நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறாக, பயத்தில் வேலையே வேண்டாம் என்று ஒதுங்குபவர்களும் உண்டு. எல்லாத் திட்டமும் அப்படியில்லை. பி.ஐ.பி. வேலை செய்தாலும் கிடைக்கும். எஸ்.எஸ்.டி.ஐ.யில் ஒன்பது மாதம் வேலை செய்து பார்க்க அனுமதி இருக்கிறது, அந்த மாதங்களில் எவ்வளவு சம்பாதித்தாலும் தொகை நிற்காது. ஆனால் வேலைக்குச் சேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும்.

தகுதி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் மறு ஆய்வு எப்போது வரும் என்பதையும் காலண்டரில் குறித்துவையுங்கள். இந்தியாவில் தற்காலிகச் சான்றிதழ் என்றால் அதிலேயே காலாவதித் தேதி இருக்கும். வீடு மாறினால் முகவரியை மாற்றிவிடுங்கள். அமெரிக்காவில் மறு ஆய்வு முடிந்து "இனி தகுதியில்லை" என்று கடிதம் வந்தால், மேல்முறையீட்டுக்கு 60 நாள் இருக்கிறதே என்று ஆறப்போடக் கூடாது. மேல்முறையீடு நடக்கும்போதும் பணம் தொடர்ந்து வர வேண்டுமானால், கடிதம் கைக்கு வந்த 10 நாளுக்குள் எழுதிக் கேட்க வேண்டும். மேல்முறையீட்டில் தோற்றால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம் என்பதையும் யோசித்துக்கொண்டு கேளுங்கள். அந்தக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்க் கிடந்தால், அனுப்பிய ஐந்தாம் நாள் உங்களிடம் சேர்ந்துவிட்டதாகவே அவர்கள் கணக்கு வைப்பார்கள்.