கோளைப் படம் பிடிக்க வீடியோதான் வழி

பினாங்கின் தெருவிளக்கு வெளிச்சத்தில் வானத்தைப் படம் பிடிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நெபுலா எனும் மங்கலான விண்வெளி வாயு மேகங்களுக்குத்தான் அது தடை. வியாழனும் சனியும் அதற்கெல்லாம் மசிவதில்லை. உண்மையான எதிரி நடுங்கும் காற்று. அதனால் ஒற்றைப் படம் வேண்டாம், வீடியோ எடுங்கள். இரண்டு நிமிடத்தில் சில ஆயிரம் பிரேம்கள் சேரும். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் தெளிவானவற்றைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும். வியாழனுக்கு வீடியோவை அதிகம் நீட்டாதீர்கள்: 10 மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடும் கோள் அது, அதன் மேகப் பட்டைகள் இழுபட்டுவிடும்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. குளிர்சாதன அறையிலிருந்து தொலைநோக்கியை நேராக வெளியே கொண்டுவந்தால், தே ஐஸ் குவளைபோல லென்ஸ் வியர்த்துவிடும். அவசரப்பட்டுத் துணியால் துடைத்துக் கீறல் வாங்கியவன் நான். மூடியைக் கழற்றாமல் ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிடுங்கள்.

கோள் உச்சிக்கு வரும்போது எடுங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வசிக்கும் நமக்கு அது கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே வரும். பால்கனியில் நின்றால் மேல்வீட்டுத் தளம்தான் தெரியும், திடலுக்கு இறங்கிவிடுங்கள்.