கப்பல் சுற்றுலாவுக்கு முகவர் தேவையா? ராமநாதபுரம் கரையிலிருந்து முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

நம் கரையில் எந்தச் சுற்றுலாக் கப்பலும் நிற்பதில்லை. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது என்பதால் ஆயிரக்கணக்கான பயணிகளை ஏற்றும் பெரிய கப்பல்கள் பாம்பன் பக்கம் வர வழியில்லை. வீடு கீழக்கரையில் இருந்தாலும் தொண்டியில் இருந்தாலும், கப்பல் ஏறுவதற்குச் சென்னைக்கோ கொச்சிக்கோ சிங்கப்பூருக்கோ போய்த்தான் ஆக வேண்டும். கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு பெரும்பாலும் கப்பலின் வாயிலில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பு உள்ள வழி முழுவதும் நம் பொறுப்பு, அல்லது நாம் பணம் கொடுத்து அமர்த்தியவரின் பொறுப்பு. முகவர் வேண்டுமா, நேரடியாகவே பதிவு செய்யலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கப்பல் முகவர் என்பவர் புதியவர் அல்லர். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜுலா கப்பலிலும், அதன்பின் 1985 தீ விபத்து வரை ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலிலும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் இந்தக் கரையில் பல வீடுகளில் இருந்தார்கள். ‘ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்’ என்னும் நம்பிக்கை அந்தக் காலத்திலிருந்தே நம்மிடம் உண்டு. அந்த நம்பிக்கை கெட வேண்டும் என்று நான் எண்ணவில்லை. யாரிடம், எந்த வேலைக்காக அதை வைக்கிறோம் என்பதை அறிந்து வைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: பயணத்தின் கண்ணிகளை ஒரு தாளில் எழுதுங்கள்

வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து திரும்பி வந்து சேர்வது வரை எத்தனை பேரிடம் எத்தனை பதிவுகள் செய்ய வேண்டியிருக்கும் என்பதை வரிசையாக எழுதுங்கள். சென்னையில் ஏறிச் சென்னையிலேயே இறங்கும் இரண்டு, மூன்று இரவுப் பயணம் என்றால் தாளில் மூன்று வரிகள்தான் இருக்கும்: ரயில், ஒரு நாள் தங்கும் விடுதி, கப்பல். வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாத பயணத்துக்கு விசாவும் தேவையில்லை. இப்படிப்பட்ட பயணத்தை, ரயில் டிக்கெட்டைக் கைபேசியில் தாமாகவே எடுக்கத் தெரிந்த எவரும் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் தாமே பதிவு செய்துகொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து.

சிங்கப்பூரில் ஏறும் பயணம் என்றால் தாள் நீண்டுவிடும். ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட், விசா, மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ விமானம், கப்பலுக்கு முன்னும் பின்னும் விடுதி, பயணக் காப்பீடு, பிறகு கப்பல். சிங்கப்பூர் விசாவுக்குப் பெரும்பாலும் அங்கீகரிக்கப்பட்ட விசா முகவர்கள் மூலமாகவே நாம் விண்ணப்பிக்கிறோம் என்பதால், அங்கே ஒரு முகவர் எப்படியும் வந்துவிடுகிறார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கையோ புக்கெட்டையோ தொட்டுவிட்டு மீண்டும் சிங்கப்பூரில் இறங்கும்போது நீங்கள் அந்த நாட்டுக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். கையில் இருப்பது பலமுறை நுழைவதற்கான விசாவா என்று பார்க்காமல் போவது ஆபத்து. பெற்றோர், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையாகக் கிளம்பும் குடும்பம் முதல் பயணத்திலேயே இத்தனை கண்ணிகளையும் தானே கோக்க முயல வேண்டாம் என்பேன்.

லட்சத்தீவு தனி வகை. அங்கே போக நுழைவு அனுமதி வேண்டும். லட்சத்தீவு நிர்வாகத்தின் ஸ்போர்ட்ஸ் என்னும் அமைப்பு, கொச்சியிலிருந்து எம்.வி. கவரத்தி கப்பலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளுக்குச் ‘சமுத்திரம்’ என்னும் சுற்றுலாவை நடத்துகிறது. அந்த அமைப்பிடமோ அது அங்கீகரித்த முகவரிடமோ மட்டுமே பேசுங்கள்.

படி 2: முகவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

முகவர் வைத்தால் செலவு கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். கப்பல் பயணத்தில் பொதுவாக அப்படி இல்லை. முகவருக்குரிய கழிவை, அதாவது கமிஷனை, கப்பல் நிறுவனமே கொடுக்கிறது; பெரிய நிறுவனங்களில் அது அறைக் கட்டணத்தில் ஏறத்தாழ 10 முதல் 16 சதவீதம் வரை இருக்கும். துறைமுகக் கட்டணத்துக்கும் வரிக்கும் கழிவு கிடையாது. ஆகவே இணையதளத்தில் நீங்கள் பார்க்கும் விலையும் முகவர் சொல்லும் விலையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். சில முகவர்கள் தங்கள் கழிவில் ஒரு பகுதியைத் தள்ளுபடியாகவோ, நீங்கள் கப்பலில் செலவழித்துக்கொள்ளும் தொகையாகவோ உங்களுக்கு விட்டுத்தருவதும் உண்டு. திருமண வீட்டார்போல எட்டு அறைகளுக்குக் குறையாமல் எடுக்கும் கூட்டமாக இருந்தால் குழுக் கட்டணம் கேட்கலாம். அதைப் பேசி வாங்குவது முகவருக்கு எளிது.

கழிவு வாங்குகிறவர் கழிவு கூடுதலாகத் தரும் நிறுவனத்தின் கப்பலை முன்னே வைக்க வாய்ப்புண்டு என்பதையும் மறக்க வேண்டாம். அதனால்தான் எந்தக் கப்பல், எந்தத் தேதி, எந்த வகை அறை என்பதை ஓரளவு நீங்களே பார்த்து முடிவு செய்துவிட்டு, அதன்பிறகு முகவரிடம் போகச் சொல்கிறேன்.

படி 3: பதிவு யாருடைய கையில் இருக்கும் என்று கேளுங்கள்

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இதுதான். நம் ஊர்களில் ட்ராவல்ஸ் கடைகளுக்குக் குறைவில்லை. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் விமான டிக்கெட் போடுவதிலும், உம்ரா பயணம் அனுப்புவதிலும் அவர்களுக்குப் பல ஆண்டு அனுபவம் உண்டு. ஆனால் கப்பல் அறை விற்பது வேறு தொழில். எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் காக்கா (அண்ணன்) ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, “விமான டிக்கெட் என்றால் என் கையில் இருக்கிறது, கப்பல் என்றால் சென்னையில் இருக்கிறவர் கையில் இருக்கிறது” என்று ஒளிக்காமல் சொன்னார். அவர் சென்னையிலோ மும்பையிலோ உள்ள மொத்த விற்பனையாளரிடம் சொல்லுவார், அந்த விற்பனையாளர் கப்பல் நிறுவனத்திடம் பதிவு செய்வார்; இடையில் இரண்டு கைகள் இருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், முகவர் வழியாகச் செய்த பதிவில் எதையேனும் மாற்ற வேண்டுமென்று நீங்கள் கப்பல் நிறுவனத்தை நேரடியாக அழைத்தால், “உங்கள் முகவரிடம் பேசுங்கள்” என்பதே வழக்கமான பதிலாக இருக்கும். எங்கள் உறவினர் குடும்பத்தில் ஓர் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து தவறாகப் பதிவாகிவிட்டது. கப்பல் நிறுவனம் முகவரைக் கேட்கச் சொன்னது, முகவர் மொத்த விற்பனையாளரைக் கேட்க வேண்டும் என்றார், அந்த அலுவலகமோ சனி, ஞாயிறு திறக்கவில்லை. ஓர் எழுத்தைத் திருத்த நான்கு நாள் ஆயிற்று. பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்ததால் தப்பித்தார்கள். நான்கு நாள் மட்டுமே இருந்திருந்தால் அந்த அம்மா வீட்டிலேயே இருந்திருப்பார்.

எனவே முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியது அன்று. “பதிவை நீங்களே கப்பல் நிறுவனத்தில் செய்கிறீர்களா, வேறொருவர் மூலமாகவா?” என்று கேளுங்கள். வேறொருவர் மூலம் என்றால் அந்த நிறுவனத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். பதிவில் முகவருடைய மின்னஞ்சலுக்குப் பதிலாக உங்கள் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். புறப்படும் நேரமோ துறைமுகமோ மாறினால் கப்பல் நிறுவனம் அனுப்பும் செய்தி நேராக உங்களுக்கு வந்துவிடும்.

படி 4: முகவருக்குக் கப்பல் தெரியுமா என்று பாருங்கள்

சில கேள்விகள் போதும். ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவார்களா? கர்ப்பமாக இருப்பவர் எத்தனையாவது வாரம் வரை போகலாம்? பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளையும், பயணம் முடிவதற்குள் 24ஆவது வாரத்தை எட்டும் கர்ப்பிணிகளையும் ஏற்பதில்லை. தலைசுற்றல் வரும் முதியவருக்கு எந்த அறை நல்லது? கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையில் ஆட்டம் குறைவு என்று கடலுக்குப் போய்வரும் நம் மீனவர்களே சொல்லிவிடுவார்கள். கப்பல் பயணம் விற்பவர் இவற்றுக்குப் பதில் சொல்லத் தடுமாறினால் அவர் இதற்கு முன் அதிகம் விற்கவில்லை என்று பொருள்.

‘கேரண்டி’ அறை என்றால் என்ன என்றும் கேளுங்கள். வகையை மட்டும் உறுதி செய்து, அறை எண்ணைப் பின்னர் கப்பல் நிறுவனமே ஒதுக்குவது அது. விலை குறையும். ஆனால் தாத்தா, பாட்டி ஒரு தளத்திலும் பிள்ளைகள் வேறொரு தளத்திலும் சிதற நேரிடலாம். குடும்பமாகப் போகிறீர்கள் என்று தெரிந்தும் இதை விளக்காமல் குறைந்த விலையை மட்டும் காட்டுபவரை விட்டு விலகுங்கள்.

நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணை வாங்கி, ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டுப் பார்த்தால் பெயரும் நிலையும் தெரிந்துவிடும். இதைச் செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது.

படி 5: முழு விலையை எழுத்தில் வாங்குங்கள்

விளம்பரத்தில் வரும் தொகை பெரும்பாலும் அறைக் கட்டணம் மட்டுமே. துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான நாள் கணக்கு டிப்ஸ், இணைய வசதி, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் செலவு ஆகியவை தனி. இவற்றில் எவை சேர்ந்துள்ளன, எவை சேரவில்லை என்று கோட்டேஷனில் வரி வரியாக எழுதச் சொல்லி, அதே நாளில் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் கடைசிப் பக்கம் வரை போய் அங்கே காட்டும் மொத்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை இந்திய முகவரிடம் வாங்கினால் டிசிஎஸ் என்னும் வரியும் (விற்பவர் முன்கூட்டியே வாங்கி உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்கப்படும். அது உங்கள் பான் எண்ணில் பதிவாகி வருமான வரித் துறையின் தளத்தில் தெரியும். வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். வீதம் அவ்வப்போது மாறுவதால் பதிவு செய்யும் நாளில் உள்ளதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்து விதிகளையும் அந்தத் தாளிலேயே கேளுங்கள். கப்பல் நிறுவனத்தின் பிடித்தம் புறப்படும் நாள் நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே போகும். கடைசி நாட்களில் முழுத் தொகையும் போய்விடும். அதற்கு மேல் முகவர் தமக்கென்று ஒரு தொகை பிடிப்பாரா என்பதைப் பலர் கேட்பதில்லை.

படி 6: பெயரை நீங்களே சரிபாருங்கள்

நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. ஆதாரில் ஒரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் விரித்தெழுதி வேறு விதமாகவும் இருப்பது இங்கே சாதாரணம். வெளிநாட்டுப் பயணத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளதே விதி. அதில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தால் கப்பல் பதிவிலும் விமானப் பதிவிலும் எப்படி நிரப்புவது என்பதை இருவரிடமும் கேட்டு, ஒன்றுபோல் இருக்கச் செய்யுங்கள். பாஸ்போர்ட் பக்கத்தின் நகலை அனுப்பி அதைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்; தொலைபேசியில் வாயால் சொல்லாதீர்கள். பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டாகவும் இருக்க வேண்டும். இல்லையெனில் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் புதுப்பிக்கும் வேலையை முதலில் முடித்துவிட்டுப் பதிவுக்கு வாருங்கள்.

படி 7: பணம் செலுத்துங்கள், பதிவு எண்ணைப் பாருங்கள்

முன்பணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கோ கடன் அட்டை மூலமாகவோ மட்டும் செலுத்துங்கள். தனிநபரின் கைபேசி எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். பணம் கொடுத்த பிறகு கப்பல் நிறுவனத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அதன் தளத்தில் நீங்களே இட்டுப் பாருங்கள். பெயர், அறை, தேதி, செலுத்திய தொகை நான்கும் தெரிய வேண்டும். முகவர் தமது கணினியில் அச்சிட்டுத் தரும் ரசீது இதற்கு ஈடாகாது.

ஏமாற்றம் நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையத்தில் பணம் பறிபோனது என்றால் தாமதமின்றி 1930. முகவரின் அலுவலகம் மும்பையில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம்.

படி 8: ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள்

முகவர் மூலம் எடுத்தாலும் நேரடியாக எடுத்தாலும், இணையவழிச் செக்-இன்னை நீங்களே செய்து, ஏறும் சீட்டையும் பெட்டிகளுக்கான அடையாளச் சீட்டையும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே வாயிலை மூடிவிடுகின்றன. ரயில் தாமதம் என்று சொன்னால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கும் வரை ராமேசுவரத்துக்காரர்கள் மண்டபத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ சாலையில் வந்துதான் ரயில் ஏறினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், நம் வழியில் எது எப்போது தடைபடும் என்பது தெரியும். புறப்படும் நாள் காலையில் சென்னையை அடையும் இரவு ரயிலை எடுக்காமல், அதற்கு முந்தைய இரவு ரயிலையே எடுங்கள். முகவர் ரயிலையும் சேர்த்துப் பதிவு செய்து தருகிறார் என்றால், அந்தத் தேதியைத்தான் போட்டிருக்கிறாரா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.