முதல் நேர்முகப் பரீட்சைக்குப் போகும் மலையகத் தம்பி தங்கைகளுக்கு: பேச்சும் உடல்மொழியும் பழகும் முறை

உயர்தரம் முடித்துவிட்டு ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கொழும்பிலோ முதல் வேலை தேடும் நம் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறேன். பதில் தெரிந்திருக்கும், சொல்லும் சரியாகத்தான் இருக்கும். உடம்பு மட்டும், தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தோட்டத் துரைக்கு முன்னால் நிற்பதுபோல் ஒடுங்கியிருக்கும். கைகளை முன்னால் கட்டி, கழுத்தைக் குனிந்து, குரலைத் தாழ்த்தி நிற்பதைத் தலைமுறை தலைமுறையாக மரியாதை என்று பழக்கிவிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைப் பயம் என்றோ, விஷயம் தெரியாதவர் என்றோ எடுத்துக்கொள்கிறார். பழகிப் பழகி வந்ததைப் பழகியே மாற்றலாம். ஒரு போனும் ஒரு நண்பரும் போதும்.

தொடங்குமுன் ஒன்று. "பேச்சில் சொல்லுக்கு 7 வீதம்தான், மீதி 93 வீதம் குரலும் உடலும்" என்று பயிற்சி வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒருவர் சொல்லும் சொல்லும் அவருடைய குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், அவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து ஊகிக்கிறோம் என்றுதான் அங்கே பார்த்தார்கள். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். அதனால் பதிலைத் தயார் செய்யாமல் உடல்மொழியை மட்டும் நம்பிப் போய்விடாதீர்கள்.

படி 1: உங்களை நீங்களே பாருங்கள்

போனை ஜன்னல் கட்டையில் சாய்த்துவைத்து, இரண்டு நிமிடம் உங்களைப் பற்றிப் பேசிப் பதிவு செய்யுங்கள். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். கை எங்கே போகிறது, தோள் எப்படி இருக்கிறது, கண் எதைப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எது குறை என்று பிடிபடாது. பிரித்துப் பார்த்தால் உடனே தெரியும்.

படி 2: நிற்பதும் உட்காருவதும்

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டே நடந்து பழக்கம். அதே தோளோடு அறைக்குள் போனால் நடுங்குவதுபோல் தெரியும். ஜாக்கெட்டை வெளியிலேயே கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தோளை ஒருமுறை மேலே தூக்கிப் பின்னால் இறக்கிவிட்டு உள்ளே போங்கள்.

மரியாதையை விட வேண்டியதில்லை. அதை வாசலிலேயே செலுத்திவிடுங்கள்: நின்று, முகத்தைப் பார்த்து "வணக்கம் சேர், வணக்கம் மேடம்". உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் தொங்காமல் முதுகு சாய உட்காருங்கள். கைகள் மடியிலோ மேசை ஓரத்திலோ திறந்திருக்கட்டும். பைலை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 3: கண்

பெரியவர்களின் கண்ணை நேரே பார்ப்பது நமக்குக் கூச்சமாக இருக்கும். இரண்டு புருவங்களுக்கும் நடுவில் பாருங்கள், எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கேள்வி கேட்டவரைப் பார்த்துப் பதிலைத் தொடங்கி, நடுவில் மற்றவர்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கேட்டவரிடமே வந்து முடியுங்கள்.

தலையாட்டுவதிலும் கவனம் வேண்டும். பக்கவாட்டில் தலையை அசைத்தால் ஆம் என்று நாம் புரிந்துகொள்வோம், சிங்களவரும் புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டுக்காரர் குழம்புவார், போன் நேர்காணலிலோ அது தெரியவே தெரியாது. "ஆம் சேர்" என்று வாயாலும் சொல்லிவிடுங்கள்.

படி 4: குரல்

கொழுந்து மலையில் இந்த நிரையிலிருந்து அந்த நிரைக்குக் கேட்கக் கூப்பிடுகிறவர்கள் நம் அம்மாக்கள். குரல் நம்மிடம் இல்லாமல் இல்லை, மூடிய அறைக்குள்தான் அடங்கிவிடுகிறது. நண்பரை அறையின் மறுகோடியில் உட்காரவைத்து, அவருக்குத் தெளிவாகக் கேட்கும்வரை பேசிப் பழகுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள். தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. அதை விழுங்கினால் "செய்தேன்" என்றீர்களா, "செய்யவில்லை" என்றீர்களா என்றே கேட்பவருக்குத் தெரியாது.

படி 5: "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்"

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். பெயரைத் தெளிவாகச் சொல்லும் பிள்ளை, ஊர் என்று வரும்போது முணுமுணுக்கிறது. தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பக்கத்து டவுனின் பெயரை மட்டும் சொல்கிறது. முகவரியைக் கேட்டதும் நம்மைக் குறைத்து எடைபோட்டவர்கள் இருக்கிறார்கள், அந்த வலி எனக்கும் தெரியும். ஆனால் மறைக்க முயலும்போதுதான் கண் தாழ்கிறது, குரல் இறங்குகிறது, அதற்குப் பிறகு வரும் நல்ல பதில்களும் அதே குரலிலேயே போய்விடுகின்றன. 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனார்கள். அந்த மக்களின் பிள்ளை தன் தோட்டத்தின் பெயரை முழுக் குரலில் சொல்ல வேண்டும்.

இப்படித் தயார் செய்யுங்கள்: பெயர், தோட்டமும் பிரிவும், படித்தது, இந்த வேலைக்கு உதவும் ஒரு அனுபவம். உதாரணமாக: "பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டம், மேற்பிரிவு. உயர்தரத்தில் வர்த்தகம் படித்தேன். எங்கள் கோயில் திருவிழாவின் வரவு செலவை நான்தான் எழுதுகிறேன், கணக்கைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பேன்." கணக்கு வேலைக்கு இதைவிட நல்ல சான்று எது? சங்கக் கூட்டம், இளைஞர் கழகம், தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது, இவையெல்லாம் அனுபவம்தான்.

மற்றக் கேள்விகளுக்கும் பதிலை முதலில் சொல்லுங்கள், காரணத்தைப் பிறகு சொல்லுங்கள்.

படி 6: மொழி மாறினால்

சட்டென்று சிங்களத்தில் கேட்பார்கள். புரியாமல் சிரித்துச் சமாளிக்காதீர்கள். "சமாவென்ன, ஆயெத் கியன்ன புலுவன்த?" என்று கேளுங்கள். மன்னிக்கவும், மீண்டும் சொல்ல முடியுமா என்று அர்த்தம். அரச அலுவலகமென்றால், அரசியலமைப்புக்கு 1987இல் வந்த 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கருமமொழி. "தமிழில் பதில் சொல்லலாமா?" என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. தனியார் நிறுவனத்தில் அவர்கள் மொழியில் தொடங்கி, முடியாத இடத்தில் அனுமதி கேட்டுத் தமிழுக்கு வாருங்கள்.

கேள்வி புரிந்தும் பதில் உடனே வராவிட்டால் இரண்டு மூச்சு நேரம் சும்மா இருங்கள். அது உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும்.

படி 7: தினசரிப் பயிற்சி

ஒத்திகைக்கு நண்பரை மேசைக்கு அந்தப் பக்கம் கண்டிப்பானவராக உட்காரவையுங்கள். மற்ற நாட்களில் பார்மசியில், தபால் கந்தோரில், பஸ்ஸில் கண்டக்டரிடம் நிமிர்ந்து நின்று ஒரு முழு வாக்கியமாவது பேசுங்கள்.

படி 8: எழுந்து வரும்போது

"நன்றி" சொல்லிவிட்டு ஓடி வந்துவிடாதீர்கள். "முடிவு எப்போது தெரியும் சேர், போனிலா கடிதத்திலா?" என்று கேளுங்கள். தோட்ட முகவரிக்கு வரும் கடிதம் கைக்குக் கிடைக்கத் தாமதமாகலாம். கடிதம் என்றால், "இந்த நம்பருக்கு ஒரு எஸ்எம்எஸும் அனுப்ப முடியுமா?" என்று கேட்டு, விண்ணப்பத்தில் உங்கள் நம்பர் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.