பத்தாம் வகுப்புக்கு மாலை ஸ்டடி: உருப்படியாக நடத்தும் முறை

கடலூர் பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளில் மாலை ஸ்டடி பழகிப்போன விஷயம். 4.30க்கு மணி அடித்ததும் புத்தகத்தைத் திறக்கச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள். சுண்டலுக்கும் தண்ணீருக்கும் 15 நிமிடம் விடுங்கள். பிறகு சின்ன செபம், 2 நிமிட மௌனம். பிற சமயப் பிள்ளைகளை வாய்விட்டுச் சொல்ல வற்புறுத்த வேண்டாம்.

முதல் 30 நிமிடம் படிப்பு. அடுத்த 20 நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு எழுத வேண்டும். ஸ்டடியின் உயிரே இதுதான். ஒளிச்சேர்க்கையை ஐந்து முறை சத்தமாக ஒப்பித்தவன்கூட, சமன்பாட்டை எழுதும்போது நீரை விட்டுவிடுவான். எழுதினால்தான் ஓட்டை தெரியும். தாளைப் பக்கத்தில் இருப்பவர் புத்தகம் பார்த்துத் திருத்தட்டும். விட்டதை மட்டும் சிவப்பில் எழுதினால் போதும். பத்துத் தடவை இம்போசிஷன் கொடுத்தால் கை வலிக்குமே தவிர, மண்டையில் ஏறாது.

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20 வாங்காவிட்டால் தேர்ச்சி இல்லை. செய்முறை மதிப்பெண்ணை நம்பி மெத்தனமாக இருப்பவர்களை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள்.

6 மணிக்கு மேல் இழுக்காதீர்கள். நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பிள்ளைகள் பஸ் பிடிக்க வேண்டும். நவம்பர் மழையில் எழுதும் 20 நிமிடத்தை மட்டும் மதிய இடைவேளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.